பின்னால் எதை வாங்கினார்கள்?

மொழிபெயர்ப்பில் நான் செய்த தப்புகளை எழுதிவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியது.

ஒரு மருத்துவ ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் அது. ஆய்வில் சேர்பவர்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதிரிப் படிவம் எந்த மொழியில் இருந்தாலும் அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: பிடிக்கவில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ மரியாதைக்காகச் சேர்த்த வரி இல்லை இது. நாஜி முகாம்களில் கைதிகளின் உடம்பில் பரிசோதனை நடத்திய மருத்துவர்களை நியூரம்பர்க்கில் விசாரித்து, 1947 தீர்ப்பில் பத்து விதிகளை எழுதிவைத்தார்கள். அதில் ஒன்பதாவது, தன்னால் இனி முடியாது என்று தோன்றினால் பரிசோதனையை நிறுத்தும் சுதந்திரம் அந்த மனிதருக்கு உண்டு என்பது. 1964 ஹெல்சிங்கி பிரகடனம் அதை இன்னும் விரித்தது. எந்த நேரத்திலும் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றது. அந்த வரிக்கு இவ்வளவு பின்கதை இருக்கிறது.

நான் முதலில் எழுதியது இது: ‘நீங்கள் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் உங்களை இந்த ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ளலாம்.’ கொஞ்சம் நீளம். பக்கத்தில் இரண்டு வரி குறைக்க வேண்டும் என்று அச்சுக்கு வடிவமைத்தவர் கேட்டார். தமிழில் எழுதினால் எதுவும் கால்வாசி நீண்டுவிடும், இது எங்கள் தொழிலில் தினப்படி பிரச்சினை. ‘நீங்கள் விரும்பினால்’ என்பதைத் தூக்கினேன். ‘கொள்ளலாம்’ என்பதும் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. அதையும் வெட்டினேன். மிஞ்சியது: ‘எப்போது வேண்டுமானாலும் உங்களை இந்த ஆய்விலிருந்து விலக்கலாம்.’

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. கணினி சிவப்புக் கோடு போடவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன் நான்கைந்து பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். புரிகிறதா, எங்கே தடுக்குகிறது என்று பார்க்கத்தான். அன்று வந்தவர்களில் ஓர் அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே சத்தமாகப் படித்தார். இந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போய் ஒருமுறை படித்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“அப்போ நீங்க நினைச்சா என்னை எப்ப வேணா வெளிய அனுப்பிடுவீங்க. அப்படித்தானே தம்பி?”

அந்த அறையில் யாரும் பேசவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மாவுடைய உரிமையைச் சொல்ல வேண்டிய வரி, எதிர்ப்பக்கத்து ஆட்களின் உரிமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘கொள்’ என்ற ஒரு துணைவினை போனதில் ஆளே மாறிவிட்டார்.

திருத்துவது எளிது. ‘விலகலாம்’ என்று போட்டால் போதும். நான் வெட்டிச் சுருக்கியதைவிட அது ஓரெழுத்து குறைவும்கூட. ஆனால் அன்றிலிருந்து இந்த ‘விலகு’ குடும்பத்துச் சொற்களை எங்கே பார்த்தாலும் நின்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

ஒரு பக்கம் விலகு, நீங்கு, ஒதுங்கு, ஒடுங்கு, அடங்கு. எதிரே விலக்கு, நீக்கு, ஒதுக்கு, ஒடுக்கு, அடக்கு. ஒன்று தானாகச் செய்வது, மற்றது அடுத்தவருக்குச் செய்வது. இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பெயர் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க்குக்குப் படித்திருப்போம். பெரும்பாலும் மெல்லின ‘ங்’ வல்லின ‘க்’காக இறுகினால் போதும், போகிறவர் போய், போகச்சொல்பவர் வந்துவிடுவார். பின்னால் போகிற, ஓரம் போகிற, சுருங்கிக்கொள்கிற சொற்களில் இத்தனை இந்த அச்சில் வார்த்தவை என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ‘விலகினாரா, விலக்கப்பட்டாரா?’ என்ற தலைப்பு கட்சி மாறினாலும், கிரிக்கெட் அணி மாறினாலும் மாறாது.

அதிலும் ‘ஒதுங்கு’ தனி ரகம். மழைக்கு ஒதுங்குகிறோம். வம்பு வந்தால் ஒதுங்கிப் போகிறோம். செத்த திமிங்கலம் கரை ஒதுங்குகிறது. கழிப்பறை இல்லாத காலத்தில் வெளிக்கு ஒதுங்கினார்கள். படிக்காதவனைப் பற்றி, மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்கிறோம். இத்தனையிலும் ஒதுங்குகிறவர் தன்பாட்டுக்குப் போகிறார், யாருக்கும் தொந்தரவில்லை. ‘ங்’கை எடுத்துவிட்டு ‘க்’கைப் போடுங்கள். ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள். எவ்வளவு கொடுமை அதற்குள் அடங்கியிருக்கிறது! ஆனால் அதே சொல்தான் நிதி ஒதுக்கீடு. அதே சொல்தான் இட ஒதுக்கீடு. ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கென்று இடம் ஒதுக்குவதற்குத் தமிழ் புதுச்சொல் தேடவில்லை. அதே வினையின் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டது. வேற்றுமொழிக்காரர் ஒருவருக்கு இதை விளக்க முயன்று பாதியில் விட்டிருக்கிறேன்.

‘விலக்கு’ம் அப்படித்தான். மதுவிலக்கு என்றால் கூடாது. வரிவிலக்கு என்றால் வேண்டாம், விட்டோம். தென் மாவட்டங்களில் நெடுஞ்சாலையிலிருந்து கிளைப்பாதை பிரியும் இடத்துக்கும் பெயர் விலக்கு. பேருந்துக்காரர் அந்தப் பெயரைக் கத்துவார், இறங்கி நடக்க வேண்டியதுதான். சாலை அங்கே யாரையும் விலக்கவில்லை, நாம்தான் விலகுகிறோம். பெயர் மட்டும் விலக்கு.

சரி, இந்த ஜோடிகளை எழுதிக்கொண்டே வந்தபோது ஒரு சொல் மட்டும் ஜோடியில்லாமல் தனியாக நின்றது. பின்வாங்கு.

‘பின்வாக்கு’ என்று ஒரு சொல் நம்மிடம் இல்லை. எதிரிப் படையைப் பின்னால் தள்ளினால், ‘பின்வாங்கச் செய்தார்கள்’ என்றோ ‘பின்வாங்க வைத்தார்கள்’ என்றோ இன்னொரு வினையை உதவிக்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு அடித்துத் துரத்தினாலும், பின்வாங்குவது என்னவோ பின்வாங்குகிறவர்தான். பொறுப்பு அவரிடமே நிற்கிறது. சொல்லிலேயே ஒரு ரோஷம் இருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

என் அக்கா மகன் ஐந்தாவது படிக்கும்போது வரலாற்றுப் பாடம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ‘படைகள் பின்வாங்கின, படைகள் பின்வாங்கின’ என்று நான்கு முறை சொல்லிவிட்டு, “மாமா, பின்னாடி போய் எதை வாங்கினாங்க?” என்றான். நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பதில் தெரியவில்லை என்பது தெரிந்தது.

பதில் பழைய தமிழில் இருக்கிறது. கடையில் காசு கொடுத்துப் பெறுவதுதான் வாங்குவது என்பது இந்தச் சொல்லின் பிற்காலத்து வாழ்க்கை. ஆதியில் அதற்கு வளைதல், வளைத்தல், இழுத்தல் என்ற பொருள்கள். வளைந்த மூங்கில் சங்கப் பாட்டில் வாங்கமை. வில்லை வாங்கினான் என்றால் விலைக்கு அல்ல, நாணை இழுத்து வளைத்தான் என்று அர்த்தம். தன் பக்கமாக இழுப்பதுதான் அடிப்படை. அதிலிருந்து ஒருவர் கையிலிருப்பதைத் தன் பக்கம் எடுப்பது, அதிலிருந்து காசு கொடுத்து எடுப்பது என்று சொல் மெல்லக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, யாரிடமிருந்து வாங்குகிறோம்? இழுக்கிறோம், அவ்வளவுதான். நூலை ஊசியில் கோத்து வாங்கு என்று தையல் சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்வார்கள். அதுவும் இழுப்புதான்.

ஆகவே பின்வாங்குவது என்பது பின்னால் இழுத்துக்கொள்வது. காலை, உடம்பை, படையை. ஓடுவது இல்லை. பயலிடம் இதைச் சொன்னேன். “அப்போ பின்இழுங்கன்னே போட்டிருக்கலாம்ல?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

இந்த ‘வாங்கு’ பின்னால் போகிற வேறு இடங்களிலும் தலைகாட்டுகிறது. சொன்ன சொல்லிலிருந்து நழுவியவனை ஜகா வாங்கிவிட்டான் என்கிறோம். அப்புறம், எல்லாருக்கும் தெரிந்த வாபஸ் வாங்குதல். வாபஸ் என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக நமக்கு வந்த சொல். அதில் ‘பஸ்’ என்ற பகுதிக்குப் பாரசீகத்தில் பின் என்று பொருள். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாபஸ் வாங்கு, பின் வாங்கு. ஒரே சொல்லை இரண்டு துணியில் தைத்துப் போட்டிருக்கிறோம்.

ஆனால் உடுப்பு வேறானால் நடையும் வேறாகிவிடுகிறது. வாபஸ் வாங்குவதற்கு ஒரு பொருள் வேண்டும்: மனுவை, வழக்கை, சட்டத்தை, புகாரை வாபஸ் வாங்கினார். பின்வாங்குவதற்கு எதையும் கையில் பிடித்திருக்க வேண்டியதில்லை. ‘முடிவைப் பின்வாங்கினார்’ என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள், எனக்குப் பல் கூசுகிறது. முடிவிலிருந்துதான் பின்வாங்க முடியும். காகிதத்தை வாபஸ் வாங்கலாம். பின்வாங்குவதென்றால் ஆளே நகர வேண்டும். இதனால்தான் அறிக்கையை வாபஸ் வாங்கிய தலைவர், ‘நான் பின்வாங்கவில்லை’ என்று அடுத்த வரியிலேயே சொல்ல முடிகிறது. கேட்கிறவர்களுக்கு முரணாகவும் படுவதில்லை. ஒரு மொழிக்குள் இரண்டு சொல் இருந்தால் மனிதர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

தனித்தமிழில் எழுத நினைப்பவர்கள் வாபஸை எடுத்துவிட்டுத் ‘திரும்பப் பெறு’ என்று வைத்தார்கள். நல்ல சொல்தான், நானும் தினமும் எழுதுகிறேன். இலங்கையில் ‘மீளப் பெறு’ என்பார்கள். அங்கே வங்கியில் பணம் எடுப்பதும் மீளப்பெறல். ஆனால் அந்த மாற்றத்தில் ‘வாங்கு’ ‘பெறு’வாகிவிட்டதைக் கவனியுங்கள். இழுத்தல் போய், கொடுத்ததைக் கையேந்தி வாங்கிக்கொள்வதுபோல ஆகிவிட்டது. 2021 நவம்பர் 19 அன்று மூன்று வேளாண் சட்டங்களைப் பற்றிய அறிவிப்பு வந்தபோது ‘வேளாண் சட்டங்கள் வாபஸ்’ என்ற மூன்று சொல் தலைப்பில் இருந்த அடி, ‘திரும்பப் பெறப்படும்’ என்று நீட்டி எழுதும்போது இல்லை. 2023 மே மாதம் இரண்டாயிரம் ரூபாய் நோட்டை விலக்கிக்கொள்வதாக ரிசர்வ் வங்கி சொன்னபோதும் மக்கள் வாயில் இருந்தது ‘ரெண்டாயிரம் வாபஸ்’தான். நோட்டு செல்லாது என்று அவர்கள் சொல்லவில்லை, சட்டப்படி செல்லும் என்றுதான் சொன்னார்கள். வாபஸ் என்ற சொல் அந்த நுணுக்கத்தையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாபஸுக்கு மிகக் கறாரான வீடு என்றால் தேர்தல்தான். வேட்புமனுப் பரிசீலனை முடிந்த பிறகு வாபஸ் வாங்கக் கடைசி நாள் ஒன்று குறிப்பார்கள். அன்று பிற்பகல் மூன்று மணி வரைதான் நேரம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: வாபஸ் கடிதம் முறைப்படி கொடுத்த பிறகு அதை ரத்து செய்ய முடியாது. அதாவது வாபஸை வாபஸ் வாங்க முடியாது. பேச்சில் இந்த வசதி எல்லாருக்கும் உண்டு, காலையில் சொன்னதை மாலையில் மாற்றி, மறுநாள் பழையபடி திருப்பலாம். மனுவில் இல்லை.

கடல் பக்கம் போனால் ‘வாங்கு’ வேறு முன்னொட்டுப் போட்டுக்கொள்கிறது. உள்வாங்கு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு ‘கடல் உள்வாங்கியது’ என்ற தொடர் உங்களுக்குப் பரிச்சயமாக இருந்ததா? கரையோர மக்களுக்கு இருந்திருக்கலாம். எனக்கு இல்லை. அதற்குப் பிறகு அது செய்தித்தாளில் நிரந்தரக் குடியிருப்பு பெற்றுவிட்டது. ராமேஸ்வரத்திலோ திருச்செந்தூரிலோ கடல் வழக்கமான வற்றத்தில் சில மீட்டர் உள்ளே போனாலும், பாறை தெரிந்தாலும், படத்தோடு செய்தி வரும், கூடவே ‘பரபரப்பு’ என்ற சொல்லும் வரும். வற்றும் பெருக்கும் கடலுக்கு அன்றாட வேலை. இலங்கையில் அதற்கு வற்றுப்பெருக்கு என்று கச்சிதமான பெயரே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு காலைக்குப் பிறகு வற்றுவதைச் சாதாரணமாகப் பார்க்க நமக்கு முடியாமல் போய்விட்டது.

அன்று தாய்லாந்துக் கரையில் அலை வருவதற்கு முன்பே கடல் பின்னால் போனது. அலையின் பள்ளம் முதலில் வந்து சேர்ந்தால் அப்படித்தான் நடக்கும். இலங்கையில் களுத்துறைக் கரையில் முதல் அலைக்குப் பிறகு கடல் இழுத்துக்கொண்டு போய் அடிமணல் விரிந்து கிடப்பதைச் செயற்கைக்கோள் படமெடுத்திருக்கிறது. மீன் துள்ளுகிறது, சிப்பி கிடக்கிறது, யாரும் பார்த்திராத தரை தெரிகிறது. பார்க்கப் போவார்களா, மாட்டார்களா? போனார்கள்.

சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் சிமுலு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே 1907இல் ஒரு பெரிய அலை வந்து ஏராளமானோர் செத்தார்கள். அதிலிருந்து அந்தத் தீவில் ஒரு சொல் பிழைத்தது: ஸ்மோங். நிலம் பலமாக ஆடி, அப்புறம் கடல் பின்னால் போனால் அது ஸ்மோங், மலைக்கு ஓடு என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிக்கொடுத்தார்கள். 2004இல் அங்கே ஏறக்குறைய 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். அங்கே எச்சரிக்கைக் கருவி கிடையாது, சங்கு கிடையாது. ஒருவர் ‘ஸ்மோங்’ என்று கத்தினால் அடுத்தவர் அதை எடுத்துக் கத்தினார். நம் ‘உள்வாங்கியது’ தகவலாக நிற்கிறது. அவர்களுடைய சொல் கையைப் பிடித்து இழுக்கிறது.

இதே ‘உள்வாங்கு’ இன்று கருத்தரங்குகளில் வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘அவர் சொன்னதை நன்கு உள்வாங்கிக்கொண்டேன்’ என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் சாலை உள்வாங்கிய படம்தான் ஞாபகம் வரும்: நடுத்தெருவில் பள்ளம், அதில் ஒரு லாரியின் பின்சக்கரம்.

போருக்கு வருவோம். பின்வாங்குவதைத் தமிழ் மரபு எவ்வளவு வெறுத்தது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. புறநானூற்றில் ஒரு கிழவி, தன் மகன் புறங்காட்டினான் என்று பலர் சொல்லக் கேட்டு, அது உண்மையென்றால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். அங்கே சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து செத்தான். முதுகு என்பது அந்த உலகத்தில் ஒரு குற்றச்சாட்டு. வள்ளுவரும் படைச்செருக்கில் விடுவதாக இல்லை. எதிரி வேலை எறியும்போது விழித்த கண் இமைத்துவிட்டால் அதுவே தோற்று ஓடியதற்குச் சமம் என்கிறார், 775ஆம் குறளில். ஓரடிகூட நகரவில்லை. இமைதான் அசைந்தது. அதற்கே ‘ஓட்டு’ என்று பெயர்.

அப்படிப்பட்டவர் 486இல் என்ன சொல்கிறார் பாருங்கள்:

ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து.

வலிமை உள்ளவன் காலம் பார்த்து அடங்கியிருப்பது, சண்டைக்கடா மோதுவதற்காகப் பின்னால் போவதைப் போன்றது. ‘பேரும்’ என்பதற்குப் பரிமேலழகர் எழுதும் உரை, ‘பின்னே கால் வாங்கும்.’ இங்கேயும் வாங்குதான்! கடாக்கள் சண்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உவமையாகவே தோன்றாது. முதலில் இரண்டும் நெற்றியை உரசிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒன்று மெதுவாகப் பின்னே நடக்கும். தலையைத் திருப்பாது, கண்ணை எடுக்காது. பின்னங்கால் தரையைத் தடவிப் பார்த்து ஊன்றும். கூட்டத்தில் புதிதாக நிற்பவர் அது பயந்துவிட்டது என்று நினைப்பார். பழகினவர் எதிர்க்கடாவின் கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பார்த்து, ஜாக்கிரதை என்பார். முதுகு காட்டாமலும் பின்னால் போகலாம் என்பதை அந்தக் கடா அறிந்திருக்கிறது. முதுகும் பின்னும் ஒன்றில்லை. புறமுதுகிடுவதற்கும் பின்வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் குறளில் இருக்கும் ‘ஒடுக்கம்’ அதன்பிறகு போன இடங்களும் சுவாரஸ்யம். சித்தர்கள் அடங்கிய இடத்துக்கு ஒடுக்கம் என்று பெயர். சைவ சித்தாந்தத்தில் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. கத்தோலிக்கர்கள் சில நாள் வேலையெல்லாம் விட்டுவிட்டு மௌனமாக ஜெபத்தில் இருப்பதற்குப் பழைய பெயர் ஞான ஒடுக்கம். இப்போது தியானம் என்றே சொல்கிறார்கள். யோகா முகாம் விளம்பரம் ஒன்றை மொழிபெயர்க்க வந்தபோது நான் இந்த ஞான ஒடுக்கத்தைத்தான் நினைத்தேன். ஆனால் போட முடியாது. ‘ஒடுக்கு’ என்ற வல்லினம் இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. ஒடுக்குமுறை, ஒடுக்கப்பட்டோர் என்று தினமும் படிக்கிற ஒருவரிடம் ‘மூன்று நாள் ஒடுக்கத்துக்கு வாருங்கள்’ என்றால் காவல் நிலையத்துக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கும். கடைசியில் ‘அமைதி முகாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். சுமார்தான்.

பருவமழையைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிப் புவியியலில் வடகிழக்குப் பருவக்காற்றைப் பின்னடையும் பருவக்காற்று என்று படித்தோம். தென்மேற்குப் பருவமழை சாதாரணமாகச் செப்டம்பர் 17 வாக்கில் ராஜஸ்தானின் மேற்கு ஓரத்திலிருந்து விலகத் தொடங்குகிறது. அக்டோபர் நடுவில் அது முழுக்க விலகும் சமயத்தில்தான் தமிழ்நாட்டுக்கு மழை. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் வருகிறது. வடக்கே இருப்பவருக்கு அது போகிற காற்று. பெயர் வைத்தது அங்கே நின்றவர்; கொட்டுவது இங்கே.

தேர்தல் எண்ணிக்கையன்று தொலைக்காட்சியில் ஓடும் ‘பின்னடைவு’ இந்தக் குடும்பமே இல்லை. அங்கே யாரும் எங்கும் போகவில்லை, எண்தான் குறைவு.

மீண்டும் அந்தப் படிவம். வரியைத் திருத்தி, ‘நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்த ஆய்விலிருந்து விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை’ என்று போட்டுப் புதுத் தாளில் எடுத்துக்கொண்டு மறுவாரம் போனோம். அதே ஆட்கள் வந்திருந்தார்கள். அந்த அம்மாவும் வந்திருந்தார். இந்த முறை அந்த வரிக்காகவே காத்திருந்ததுபோல் நேராக அங்கே விரலை வைத்தார். படித்தார். தலையை ஆட்டினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், “இப்ப சரியா இருக்கு. ஆனா எனக்கு இது தோதுப்படாது தம்பி. நான் நின்னுக்கிறேன்.”

ஒருங்கிணைப்பாளர் பெண் பதறிவிட்டார். இது வெறும் படித்துப் பார்க்கிற வேலைதான், ஆய்வில் சேர்க்கவில்லை, இன்னும் இரண்டு பக்கம்தான் இருக்கிறது என்று விளக்கினார். “எதுக்கும்மா? ஏதாவது கஷ்டமா இருக்கா?” என்று கேட்டார்.

“அதான் காரணம் சொல்லத் தேவையில்லன்னு போட்டிருக்கே.”

வேலையிலிருந்து நின்றுவிட்டாள், டியூஷனிலிருந்து நின்றுவிட்டான் என்று நாம் எல்லாரும் சொல்வதுதான். நில் என்றால் இருந்த இடத்தில் இருப்பது, ஆனால் போவதற்கும் அதையே சொல்கிறோம். வாரக்கணக்கில் அகராதியைப் புரட்டியவன் பட்டியலில் அந்தச் சொல் இல்லவே இல்லை. நின்னுக்கிறேன், நின்றுகொள்கிறேன். நான் இடம் போதவில்லை என்று வெட்டி எறிந்த ‘கொள்’ அவர் வாயில் பத்திரமாக இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் தன் பதிவேட்டில் அவருடைய எண்ணுக்கு எதிரே ‘விலகினார்’ என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் ‘காரணம்’ என்று இருந்தது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அதில் ஒரு கோடு போட்டார். அந்த அம்மா கதவருகே குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.